அட்மின் பாஸ்வேர்டு மறந்துபோனால்: சென்னை வீடுகளிலும் கடைகளிலும் அடிக்கடி எழும் கேள்விகள்

வீடு, கடை, அப்பார்ட்மென்ட் ஆபீஸ் என்று கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போகிற இடங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகள் இவை. அட்மின் என்பது கம்ப்யூட்டரில் எதையும் மாற்றும் அதிகாரம் உள்ள கணக்கு. பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியவை. மேக், லினக்ஸ் பற்றியும் கொஞ்சம் உண்டு. படிக்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பாஸ்வேர்டை மீட்பது வேறு, உள்ளே இருக்கிற ஃபைல்களை மீட்பது வேறு. முதலாவதைத் துரத்திக்கொண்டு போய் இரண்டாவதை இழந்துவிட்டு நிற்பவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சரியாகத்தான் அடிக்கிறேன், தப்பு என்றே வருகிறது. முதலில் எதைப் பார்ப்பது?

கீபோர்டைப் பாருங்கள். கேப்ஸ் லாக் எரிகிறதா, வலது பக்க எண்களில் அடிப்பவர் என்றால் நம்பர் லாக் அணைந்து கிடக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு திரையின் கீழே வலது ஓரத்தில் எந்த மொழி காட்டுகிறது என்று பாருங்கள். வீட்டில் யாராவது தமிழ் 99 கீபோர்டைச் சேர்த்திருந்தால் அங்கே தமிழ் நிற்கலாம். அதை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஆங்கிலத்திலேயே பிரிட்டன் லேஅவுட் ஆகியிருந்தால் மின்னஞ்சலில் வரும் 'அட்' குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும்.

பாஸ்வேர்டு பெட்டியின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அழுத்தினால் நீங்கள் அடித்தது அப்படியே தெரியும். பழைய லேப்டாப்பில் ஏதாவது ஒரு கீ செத்துப்போயிருந்தாலும் இதில் அகப்பட்டுவிடும். அப்படியென்றால் அதே திரையில் உள்ள அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) படத்தைத் தொட்டு ஆன்-ஸ்கிரீன் கீபோர்டை வரவழைத்து மவுஸால் அடிக்கலாம்.

கண்டபடி அடித்துக்கொண்டே போகாதீர்கள். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவிய கம்ப்யூட்டர்களில் 10 முறை தவறினால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும்.

பாஸ்வேர்டு ஒரு தமிழ்ச் சொல் என்பது நினைவிருக்கிறது, ஆங்கில எழுத்தில் எப்படி எழுதினேன் என்பதுதான் தெரியவில்லை.

நம் ஊரில் பாதி மறதி இதுதான் என்பது என் அனுபவம். சொல் மறப்பதில்லை, ஸ்பெல்லிங்தான் மறக்கிறது. ஊர்ப் பெயர், குலதெய்வம், பேத்தியின் செல்லப் பெயர் என்று மனதுக்கு நெருக்கமான ஒன்றைத்தான் வைத்திருப்போம். ஆனால் 'ழ'வுக்கு இசட்-எச் போட்டோமா, வெறும் எல் போட்டோமா? நெடிலுக்கு ஏ ஒன்றா, இரண்டா? 'த'வுக்கு டி-எச்சா, வெறும் டியா? இன்னொன்றும் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. அதனால் எந்த எழுத்தைப் பெரிதாகப் போட்டோம் என்பது நம் மனதில் பதிவதே இல்லை.

ஒரு பேப்பரை எடுங்கள். மயிலாப்பூர் என்று வைத்துக்கொள்வோம். 'லா'வில் ஏ ஒன்று அல்லது இரண்டு. நடுவில் பி ஒன்று அல்லது இரண்டு. 'பூ'வுக்கு ஓ இரண்டு அல்லது யு ஒன்று. இதுவே 8 வடிவம். முதல் எழுத்து பெரிதா சிறிதா என்பதைச் சேர்த்தால் 16. எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, முயன்று பார்த்ததை ஒவ்வொன்றாகப் பேப்பரில் கோடு போட்டு நீக்குங்கள். எட்டு முறை முயன்றபின் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து தொடருங்கள். பின்னால் எண் இருந்தது என்றால் பிறந்த வருடம், வண்டி நம்பர், பழைய வீட்டுக் கதவு எண் ஆகியவற்றைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கம்ப்யூட்டர் வாங்கிய காலத்தில் நீங்கள் எந்த மெயிலுக்கு, எந்த ரயில் டிக்கெட் கணக்குக்கு என்ன பாஸ்வேர்டு வைத்திருந்தீர்கள் என்று போனில் பாருங்கள். போனில் கூகுள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டு பட்டியலைத் திறந்தால் உங்கள் பழைய ஸ்பெல்லிங் பழக்கம் கண் முன்னால் வந்துவிடும்.

என்னுடையது மைக்ரோசாஃப்ட் கணக்கா, லோக்கல் கணக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மெயில் ஐடியோடு இணையத்தில் இருப்பது மைக்ரோசாஃப்ட் கணக்கு; அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பது லோக்கல் கணக்கு. தவறான பாஸ்வேர்டை ஒரு முறை அடித்துவிட்டு, கீழே வரும் இணைப்பைத் தொடுங்கள். பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்டால் லோக்கல் கணக்கு. மெயில் முகவரியைக் காட்டி, கோட் அனுப்பட்டுமா என்று கேட்டால் மைக்ரோசாஃப்ட் கணக்கு.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். புதுக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுக்கும்போது விண்டோஸ் மெயில் ஐடி கேட்கும். அவசரத்தில் சில கடைகளில் வேலை பார்க்கும் தம்பி தன் மெயிலையே போட்டு முடித்துவிடுவார். வாங்கியவருக்கு அது தெரியவே தெரியாது. நாலு வருடம் கழித்துத் திரையில் யாரோ ஒருவருடைய மெயில் முகவரி பாதி மறைந்த எழுத்தாக வரும். அப்படி வந்தால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், கணக்கு யாருடையது என்று பொறுமையாக விசாரியுங்கள். சண்டை வேண்டாம், அந்தத் தம்பியின் ஒத்துழைப்பு இல்லாமல் காரியம் நடக்காது. இன்று புதிதாக வாங்குகிறவர்கள், பெட்டியைப் பிரித்து முதல் தடவை ஆன் செய்யும்போது பக்கத்தில் நின்று உங்கள் மெயிலைத்தான் போட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு. ஆனால் அதில் கொடுத்திருந்த போன் நம்பர் இப்போது என்னிடம் இல்லை.

நம்பர் கைவசம் இருந்தால் வேலை ஐந்து நிமிடம்தான்: வேறொரு போனிலிருந்து மைக்ரோசாஃப்டின் பாஸ்வேர்டு மீட்புப் பக்கத்துக்குப் போய், வரும் கோடைப் போட்டு, புதிய பாஸ்வேர்டு வைத்துவிடலாம். பிறகு பூட்டிக் கிடக்கிற கம்ப்யூட்டரை இணையத்தில் இணைக்க மறக்காதீர்கள். லாகின் திரையிலேயே வைஃபை படம் இருக்கிறது. இணையம் இல்லையென்றால் அந்தக் கம்ப்யூட்டருக்குப் புதிய பாஸ்வேர்டு வந்து சேராது, பழையதையே கேட்டுக்கொண்டிருக்கும்.

நம்பர் போய்விட்டது என்றால் பொறுமை தேவை. இந்தியாவில் 90 நாள் பயன்படுத்தாமல் விட்ட சிம் துண்டிக்கப்படலாம். பின்னர் அதே எண் வேறொருவருக்குப் போகும். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, ஓடிபி சொல்லுங்கள் என்று முன்பின் தெரியாதவரைக் கேட்பது வீண். மாற்று மெயில் கொடுத்திருந்தால் அதில் கோட் வாங்குங்கள். எதுவுமே இல்லையென்றால் கணக்கு மீட்புப் படிவம் இருக்கிறது. அதில் பழைய பாஸ்வேர்டுகள், சமீபத்தில் நீங்கள் அனுப்பிய மெயில்களின் தலைப்புகள் போன்றவற்றைக் கேட்பார்கள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சாதனத்தில், வழக்கமான இடத்திலிருந்தே நிரப்புங்கள். பாஸ்வேர்டோடு கோடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தால் அந்தப் படிவம் உதவாது. போட்ட அன்று அவர்கள் கொடுத்த 25 எழுத்து மீட்புக் கோடை எங்கே வைத்தீர்கள் என்று தேட வேண்டியதுதான்.

கணக்குக்குள் நுழைய முடிந்தும், பாதுகாப்பு விவரங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் 30 நாள் காத்திருப்பு உண்டு. அது உங்கள் கணக்கை வேறொருவர் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்கத்தான். அந்த 30 நாளில் பொறுமையிழந்து மறுபடி மறுபடி மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

லோக்கல் கணக்கு என்றால்?

மூன்று வழி. 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-இலும் 11-இலும் கணக்கு தொடங்கும்போது மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்டிருக்கும். அந்தப் பதில்களிலும் அதே ஸ்பெல்லிங் பிரச்சினை வரும். மேலே சொன்ன பேப்பர் முறையையே பின்பற்றுங்கள். இரண்டாவது, முன்பே பென்டிரைவில் பாஸ்வேர்டு ரீசெட் டிஸ்க் செய்து வைத்திருந்தால் அது போதும். அதற்குப் பின் எத்தனை முறை பாஸ்வேர்டு மாற்றியிருந்தாலும் அந்தக் கணக்குக்கு அது வேலை செய்யும். மூன்றாவது, அதே கம்ப்யூட்டரில் மனைவி, மகன் என்று இன்னொருவருக்கு அட்மின் கணக்கு இருந்தால், அவர் உள்ளே போய் கண்ட்ரோல் பேனலில் உங்கள் பாஸ்வேர்டை மாற்றித் தரலாம்.

மூன்றாவது வழியில் ஒரு இழப்பு உண்டு. இன்னொருவர் மாற்றி வைக்கும்போது, உங்கள் கணக்கில் விண்டோஸ் பூட்டி வைத்திருந்த இணையதள பாஸ்வேர்டுகளும், தனியாக என்கிரிப்ட் செய்த (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய) ஃபைல்களும் திறக்காமல் போகலாம். படங்கள், எக்செல், பிடிஎஃப் போன்ற சாதாரண ஃபைல்களுக்கு ஆபத்தில்லை.

பின் நம்பரோ விரல் ரேகையோ போட்டு உள்ளே போய்விடுகிறேன். பாஸ்வேர்டுதான் சுத்தமாக மறந்துவிட்டது. இப்போதைக்குப் பிரச்சினை இல்லையே?

இப்போதைக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் இன்றே எழுந்து வேலை பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

பின் நம்பர் என்பது அந்த ஒரு இயந்திரத்தின் சிப்போடு கட்டுண்டது. மதர்போர்டு மாற்றினாலோ, சில சமயம் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் ஆனாலோ, பின் நம்பர் செல்லாது என்று சொல்லிவிட்டு பாஸ்வேர்டு கேட்கும். தினமும் நாலு எண் போட்டே உள்ளே போய்க்கொண்டிருந்தவருக்குப் பாஸ்வேர்டை அடித்தே வருடக்கணக்காகியிருக்கும். திரும்பச் செய்யாத எதையும் மனம் எவ்வளவு வேகமாகக் கைவிடுகிறது என்பதை 1885-லேயே ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்மீதே சோதனை செய்து எழுதி வைத்தார். அட்மின் பாஸ்வேர்டு எப்போதோ ஒரு முறைதான் தேவைப்படுகிறது. ஆகவே அது மறக்கத்தான் செய்யும். உங்கள் வயதையோ ஞாபக சக்தியையோ குறை சொல்ல வேண்டாம்.

உள்ளே இருக்கும்போதே முக்கிய ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கென்றால் இணையத்தில் பாஸ்வேர்டை மாற்றி எழுதி வையுங்கள். லோக்கல் கணக்கென்றால், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டாவதாக ஒரு அட்மின் கணக்கைத் தொடங்கி அதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. இது என்ன புதிதாக?

அது பாஸ்வேர்டு அல்ல, பிட்லாக்கர் மீட்புச் சாவி. ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டம். உங்கள் டிஸ்கில் உள்ள எல்லாமே பூட்டப்பட்டிருக்கிறது, அதைத் திறக்கும் எண் இது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. கேட்டுப் போட்டவர்கள் குறைவு.

சாவி வழக்கமாக அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். எந்த முகவரியில் பார்ப்பது என்று நீலத் திரையிலேயே எழுதியிருக்கும்; போனில் திறந்து பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தால் திரையில் உள்ள சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தோடு ஒப்பிட்டு எடுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஆபீஸ் ஐடி பிரிவிடம் இருக்கும். கடைத் தம்பியின் மெயிலில் அமைத்த கம்ப்யூட்டர் என்றால் சாவியும் அவர் கணக்கில்தான் கிடக்கும். மேலே அவ்வளவு தூரம் சொன்னது அதற்காகத்தான்.

எங்குமே சாவி இல்லையென்றால் அந்த டேட்டா போனதுதான். இதைச் சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை, ஆனால் பொய் நம்பிக்கை தருவது அதைவிட மோசம். நிறுவனத்தாலும் முடியாது, எவ்வளவு பணம் கொடுத்தாலும் முடியாது. மதர்போர்டு வேலைக்கு லேப்டாப்பைக் கொடுக்கும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, சாவியையும் எழுதி வைத்துக்கொண்டு கொடுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொடுத்தால் எடுத்துத் தருவார்களா? எவ்வளவு கேட்பார்கள்?

மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் உள்ள அந்தத் தெருவில் நல்ல கை வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். நானே உதிரி பாகத்துக்கும் ஆலோசனைக்கும் அங்கேதான் போகிறேன். விலையைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். அது கடைக்குக் கடை வேறு. நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

"பாஸ்வேர்டு மறந்துடுச்சு, சரி பண்ணிக் கொடுங்க" என்று சொன்னால், கடைக்காரருக்கு அதன் அர்த்தம் பெரும்பாலும் "விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்" என்பதுதான். சாயங்காலம் போனால் கம்ப்யூட்டர் பளபளவென்று திறக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அவர் ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டதைச் செய்திருக்கிறார். ஆகவே முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "அண்ணா, எனக்கு உள்ள இருக்கிற டேட்டா வேணும். அழிக்காம செய்ய முடியும்னா மட்டும் கை வைங்க." வேலைச் சீட்டிலும் அதை எழுதச் சொல்லுங்கள். முடியுமா என்பது டிஸ்கில் பிட்லாக்கர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

பூட்டப்படாத டிஸ்க் என்றால், அதைக் கழற்றி வெளி கேஸில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் செருகி ஃபைல்களை நகல் எடுத்துவிடலாம். பாஸ்வேர்டே வேண்டாம். நகல் கைக்கு வந்த பிறகு விண்டோஸைப் புதிதாகப் போட்டால் என்ன, பழைய கணக்கைச் சரி செய்தால் என்ன? ஆனால் தவறுதலாக ஃபார்மட் செய்த எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்கிலிருந்து ஃபைல்களைத் திரும்ப எடுப்பது பழைய ஹார்டு டிஸ்க் மாதிரி இல்லை. அழித்த இடங்களை எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும். அதன்பின் மீட்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

முடிந்தவரை வேலை நடக்கும்போது கூடவே இருங்கள். பில் நகலைக் கொண்டுபோங்கள். நேர்மையான கடைக்காரர் கம்ப்யூட்டர் உங்களுடையதுதானா என்று கேட்பார், அதற்காகக் கோபப்படாதீர்கள். அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் அனுமதியின்றி, நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். அவருக்கும் பயம் இருக்கத்தானே செய்யும்.

இணையத்தில் பாஸ்வேர்டை உடைக்கும் இலவச சாஃப்ட்வேர் நிறைய வருகிறதே?

வேண்டாம். பூட்டைத் திறப்பதாகச் சொல்லி வைரஸை உள்ளே விடுகிறவை அவற்றில் ஏராளம். அதேபோல, தேடலில் கிடைத்த "கஸ்டமர் கேர்" எண்ணுக்குக் கூப்பிட்டு, அவர்கள் சொல்கிற ஆப்பைப் போனில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

அப்பா தவறிவிட்டார். குடும்பப் படங்கள் எல்லாம் அவர் கம்ப்யூட்டரில். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது.

முதலில் அவருடைய சிம்மை ரத்து செய்யாதீர்கள். காரியம் முடிந்த கையோடு போன் கனெக்‌ஷனைத் துண்டித்துவிடும் வீடுகள் நிறைய. கோட் வரப்போவது அந்த எண்ணுக்குத்தான். சின்ன ரீசார்ஜாவது போட்டு உயிரோடு வைத்திருங்கள். அவசரமும் காட்ட வேண்டாம், ஆனால் வருடக்கணக்கில் தள்ளியும் போடாதீர்கள்: இரண்டு ஆண்டு யாரும் நுழையாத கணக்கை மைக்ரோசாஃப்ட் மூடிவிடக்கூடும், கூகுளும் அப்படித்தான்.

அந்தத் தலைமுறை எழுதி வைக்கிற தலைமுறை. எல்ஐசி பாலிசி ஃபைலின் உள் அட்டை, பாக்கெட் டெலிபோன் டைரியின் கடைசிப் பக்கம், கேஸ் புத்தகம், காலண்டரின் பின்புறம் என்று பாருங்கள். ஒரு வீட்டில் பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது.

எழுத்தில் எதுவும் கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் என்றால் டிஸ்க் பூட்டப்படாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மேலே சொன்னபடி டிஸ்கைக் கழற்றி நகல் எடுத்தால் படங்கள் வந்துவிடும். பல வருடம் ஓடாமல் கிடந்த ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு டேட்டா ரெகவரி செய்பவரிடம் போங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்த்தால் கிடைக்க வேண்டியதும் போய்விடும்.

இரண்டு விஷயம். அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கிடைத்ததை எல்லோருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அப்பாவின் நெட்பேங்கிங் பாஸ்வேர்டு கண்ணில் பட்டால் அதைத் தொடாதீர்கள். அதற்கு இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குத்தான் போக வேண்டும்.

அப்பார்ட்மென்ட் சங்கத்தின் கம்ப்யூட்டர். போன வருடச் செயலாளர் வெளிநாடு போய்விட்டார், பாஸ்வேர்டு அவரிடம்.

அவருக்கு வாட்ஸ்அப் காலில் பேசி, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் அடித்து உள்ளே போங்கள். உள்ளே போனதும் சங்கத்தின் பொது மெயிலில் புதிய அட்மின் கணக்கு தொடங்கி, பழையதை நீக்குங்கள். இனி பாஸ்வேர்டைக் கவரில் போட்டு ஒட்டி, கையெழுத்திட்டு, தலைவரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று. பொறுப்பு மாறும் பொதுக்குழுக் கூட்டத்தில் கேட் சாவியைக் கொடுக்கும்போது கவரையும் கைமாற்றுங்கள்.

கம்பெனி, கல்லூரி லேப்டாப் என்றால் நீங்களோ நானோ கை வைக்கக் கூடாது. ஐடி பிரிவுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள்.

கடையில் கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரின் பாஸ்வேர்டும் மறந்துவிட்டது. விண்டோஸைச் சரி செய்தால் அதுவும் சரியாகிவிடுமா?

ஆகாது, இரண்டும் தனித்தனி. டேலியிலேயே கம்பெனிக்குள் நுழையும் பாஸ்வேர்டு ஒன்று, டேலி வால்ட் பாஸ்வேர்டு இன்னொன்று. வால்ட் என்பது கணக்கையே என்கிரிப்ட் செய்துவிடும். அதை மறந்தால் மீட்க வழி கிடையாது. வால்ட் போடுவதற்கு முன் எடுத்த பேக்கப் இருக்கிறதா என்று உங்கள் ஆடிட்டரிடமும் கேளுங்கள். பல நேரம் வருட முடிவில் அவருக்குக் கொடுத்த நகல் அவரிடம் பத்திரமாக இருக்கும்.

மேக்?

ஆப்பிள் கணக்கு இணைத்திருந்தால், சில முறை தவறியதும் அதை வைத்து மாற்ற வழி காட்டும். மேக்கின் டிஸ்க் பூட்டான ஃபைல்வால்ட் போட்டிருந்தால் 24 எழுத்து மீட்புச் சாவி இருக்கும். கணக்கும் சாவியும் இரண்டும் இல்லாத ஃபைல்வால்ட் மேக், சாவி இல்லாத பிட்லாக்கர் கம்ப்யூட்டர் போலத்தான்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இருக்கிறது. அதன் பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் நம் சென்னை மையத்தில் உருவானது என்பதில் எனக்கு இன்றும் பெருமை. லினக்ஸில், டிஸ்க் பூட்டப்படாதவரை, தொடங்கும் மெனுவில் ரெகவரி மோடுக்குப் போய், ரூட் (முழு அதிகாரம் உள்ள) அனுமதியில் உங்கள் பயனர் பெயருக்குப் புதிய பாஸ்வேர்டு வைக்கலாம். ஃபைல்கள் அப்படியே இருக்கும். சில அமைப்புகளில் அங்கேயும் ரூட் பாஸ்வேர்டு கேட்கும். அப்போது லைவ் பென்டிரைவில் லினக்ஸை ஓட்டி ஃபைல்களை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதுமே, விண்டோஸ் வருவதற்கு முன்பே பாஸ்வேர்டு கேட்கிறது.

அது பயாஸ் பாஸ்வேர்டு. பழைய டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரியைக் கழற்றி வைத்தோ, ஜம்பரை மாற்றியோ நீக்கலாம். புதிய லேப்டாப்களில் அது பலிக்காது. பில்லோடு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போவதே வழி.

சரி, இனி மறக்காத மாதிரி, ஆனால் பலமாக ஒரு பாஸ்வேர்டு எப்படி வைப்பது?

பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற பழைய விதியை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த விதியைப் பரப்பிய 2003-ஆம் ஆண்டு ஆவணத்தை எழுதியவர், அமெரிக்காவின் நிஸ்ட் தரநிலை நிறுவனத்தில் இருந்த பில் பர். 2017-இல் அவரே ஒரு பேட்டியில் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு நிஸ்ட் வெளியிட்ட புதிய வழிகாட்டி, காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வதையும் கலவை விதிகளைத் திணிப்பதையும் கைவிட்டது; நீளத்துக்கு முக்கியத்துவம் கொடுத்தது.

நீளம் வேண்டும், ஞாபகமும் இருக்க வேண்டும் என்றால் தொடர்பில்லாத சொற்களைக் கோர்ப்பதுதான் வழி. 1995-இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பவர் ஆறு பக்கப் பகடையை உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து சொற்களை எடுக்கும் முறையைக் கொடுத்தார். நம் வீட்டில் அதைச் செய்ய ஒரு தமிழ் அகராதி போதும்: கண்ணை மூடிப் பக்கம் புரட்டி, விரல் வைத்த சொல்லை எடுங்கள். ஐந்து, ஆறு சொல் சேருங்கள். 'ழ', 'ள', 'ண', 'ற' வருகிற சொற்களையும், நெடிலால் குழப்புகிற சொற்களையும் தள்ளிவிட்டு, ஆங்கில எழுத்தில் ஒரே விதமாக மட்டும் எழுத முடிகிறவற்றை வைத்துக்கொள்ளுங்கள். குடை, பல்லி, ஆட்டோ, கம்பி போல. எல்லாம் சின்ன எழுத்து, நடுவே ஒரு கோடு. பல்லி குடை பிடித்து ஆட்டோவில் போகிற மாதிரி ஒரு காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். இதே நாலு சொல்லை எடுத்துக்கொள்ளாதீர்கள், இங்கே எல்லோரும் படித்துவிட்டார்கள்.

திருக்குறளின் முதல் அடி, சாமிப் பாட்டு, சினிமா வசனம் ஆகியவை வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமானது ஊருக்கே மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமோ ஊருக்குக் கிளம்பும் முன்போ மாற்றாதீர்கள். புதிதாக வைத்த முதல் வாரம், பின் நம்பர் இருந்தாலும், வேண்டுமென்றே பாஸ்வேர்டை அடித்து உள்ளே போங்கள். பிறகு மாதம் ஒரு முறை அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நூறு இணையதளங்களுக்கு பிட்வார்டன், கீபாஸ் மாதிரி பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றை வைத்துக்கொண்டால், நினைவில் வைக்க வேண்டியது அதன் ஒரே பாஸ்வேர்டும் கம்ப்யூட்டருடையதும்தான்.

பேப்பரில் எழுதி வைக்கலாமா? எழுதவே கூடாது என்பார்களே.

எழுதுங்கள். மானிட்டரில் மஞ்சள் சீட்டாக ஒட்டக்கூடாது, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். வீட்டுப் பத்திரம் இருக்கிற பீரோவில் வைத்த பேப்பரை உலகின் மறுமூலையில் இருக்கும் திருடனால் படிக்க முடியாது.

2015-லும் 2023 மிக்ஜாமிலும் எங்கள் வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பீரோவே மிதந்தது. பேப்பர் தாங்குமா?

ஜெல் பேனா எழுத்து தண்ணீரில் கலைந்துவிடலாம். பில் அச்சடிக்கும் வழவழப்புக் காகிதத்தில் எழுத்து தானாகவே மங்கிவிடும். பென்சிலில் அழுத்தி எழுதுங்கள், அது தண்ணீரில் கரையாது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, கீழ்த் தட்டில் இல்லாமல் பரணில் வையுங்கள். இன்னொரு பிரதியை வேறு பகுதியில், மாடியில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் ஒட்டிய கவரில் கொடுத்து வையுங்கள்.

அந்தப் பேப்பரில் இருக்க வேண்டியவை: கணக்கின் மெயில் முகவரி, பாஸ்வேர்டு எழுத்துக்கு எழுத்து, எந்தப் போன் நம்பர் இணைத்திருக்கிறது, பிட்லாக்கர் சாவியின் 48 இலக்கமும், எழுதிய தேதி. பாஸ்வேர்டு மாறினால் இரண்டு பிரதியையும் மாற்றுங்கள். பழைய பேப்பரைக் கிழித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை எது புதிது என்ற குழப்பம் வரும்.